பல்லழகி சொன்னது

ஜூன் 9

அன்புள்ள அண்ணிக்கு,

நல்லபடியா வந்து சேர்ந்தேன். அங்க நீங்க மூணு பேரும் எப்படி இருக்கீங்க? அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிஞ்சுதா? உங்க முழங்கால் படியேற விடுதா?

அண்ணன் போனுக்கு ‘வந்துட்டேன், நலம்’னு அனுப்பினேன், பார்த்திருப்பீங்க. மத்ததை எல்லாம் நாம பேசி வச்ச மாதிரி நீங்க வேலை பார்க்கிற மருந்துக்கடை விலாசத்துக்கே எழுதுறேன். வீட்டுக்கு வந்தா அம்மாவும் அண்ணனும் தோளுக்கு மேல எட்டிப் பார்ப்பாங்க. எனக்கும் போன்ல குரல் எல்லாம் தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரிதான் கேக்குது. எழுத்துன்னா தெளிவா இருக்கு.

காது மிஷினைக் காதுலயும் அதோட சார்ஜ் பெட்டியைக் கைப்பையிலயும் வச்சுக்கிட்டு வந்தேன். பேட்டரி உள்ள சாமானை விமானத்து அடியில போற பெட்டியில போடக்கூடாதாம். சோதனை பண்ற பொண்ணு என் காதைத் தொட்டுப் பார்த்து, கம்மலான்னு சைகையில கேட்டா. ஆமா, கொஞ்சம் விலை ஜாஸ்தியான கம்மல்னு தலையாட்டினேன்.

ஹாஸ்டல் மூணாவது மாடி. லிப்ட் கதவு மூடும்போது பெருமூச்சு விடுது. அறையில ரெண்டு கட்டில், ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதுவும் என் கட்டில் தலைமாட்டுல, சுவரோட ஒட்டி. இங்க பிளக் ஓட்டை எல்லாம் சாய்வா, நம்ம ஊர் பின் எதுவும் நுழையாது. நீங்க வாங்கிக் கொடுத்த அடாப்டர் மட்டும் இல்லைன்னா முதல் நாளே செவிடாகியிருப்பேன்.

இன்னொரு கட்டில்காரி இந்த நாட்டுக்குப் பக்கத்து நாட்டுக்காரி. அவ பேரை என் நாக்கு புரட்ட மாட்டேங்குது. பல்லழகின்னு வச்சிருக்கேன். முன்பல் ரெண்டுக்கும் நடுவுல ஒரு சந்து. ஊருக்கெல்லாம் பல் செய்யறவ, தன் சந்தை மட்டும் அடைக்க மாட்டாளாம். அது வழியாத்தான் விசில் அடிக்கிறா. ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கிறது பயிற்சியில கத்துக்கிட்ட அரைகுறை பாஷை, மீதிக்குக் கை இருக்கு.

நாளைக்குப் பல் பட்டறையில வேலை ஆரம்பம், ஆறு மாசம்தானே, ஓடிடும். அம்மாகிட்ட நான் நல்லா சாப்பிடறேன்னு சொல்லுங்க.

அன்புடன்,
பாப்பா

*

ஜூன் 27

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் வந்த நேரம் கடையில நல்ல கூட்டம். இருமல் மருந்து கேட்டவருக்கு வயித்து மருந்தைக் கொடுக்க இருந்தேன். அவர் நல்லவர், பேரைப் படிச்சுட்டுத் திருப்பிக் கொடுத்தார். இங்க எல்லாரும் சுகம். அத்தைக்குக் கால் வடிஞ்சுட்டுது, வாய்தான் இன்னும் வடியலை. நீ இல்லாம வீட்டுல சத்தமா பேச ஆளில்லைன்னு என்கிட்டயே கத்திப் பேசுறாங்க.

உன் அண்ணன் பள்ளிக்கூட வேனை ஓட்டிட்டு வந்து தினமும் உலக வரைபடத்தைப் பார்க்கிறார். நீ இருக்கிற ஊருக்கு மேல பேனாவால ஒரு புள்ளி வச்சிருக்கார். அத்தை அதை அழுக்குன்னு துடைச்சுடறாங்க, அதனால தினமும் புதுசா வைக்க வேண்டியிருக்கு.

ஒரு விஷயம் கேக்கணும். நான் வாங்கின அடாப்டர்ல யூஎஸ்பி ஓட்டையும் இருக்கேன்னுதானே உன் மிஷினோட வந்த பிளக்கை உன் பையிலேருந்து நானே எடுத்து வெளிய வச்சேன். சுமை குறையட்டும்னு. இப்ப அது அலமாரியில கிடக்கிறதைப் பார்த்தா மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு. அடாப்டர் சரியா வேலை செய்யுதுல்ல? கடைக்காரர் எந்த நாட்டுக்கும் ஆகும்னு அடிச்சுச் சொன்னார்.

பல்லழகியை நான் கேட்டதாச் சொல்லு. எந்தப் பாட்டை விசிலடிக்கிறா?

அன்புடன்,
அண்ணி

*

ஜூலை 12

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். நீங்க எல்லாரும் நலமா இருப்பீங்க, அம்மா வாயையும் சேர்த்து.

வேலை பழகிடுச்சு. பார்க்க ஆஸ்பத்திரி மாதிரி வெள்ளையா இருக்கு, கேக்க ஒரு தச்சுப் பட்டறை மாதிரி இருக்கு. பல்லை ராவுற மிஷின் கிய்ங்னு இழுக்கும், தூசியை உறிஞ்சுற குழாய் உஸ்ஸுன்னு அடங்கும், நடுநடுவே யாராவது அச்சு எடுக்கிற மாவை மேசையில தட்டுவாங்க. பீங்கான் பல்லைச் சுடுற உலை எங்க பொறுப்புல இருக்கு. வெந்து முடிஞ்சதும் கூவும். கூவினதும் எடுக்கணும், பேசிக்கிட்டு நின்னா பல்லு மஞ்சளாயிடும். என் காது கூவலுக்கு முன்னாடியே அந்தக் கதவுக்குள்ள கிளிக்குன்னு ஒரு சத்தம் வர்றதைப் பிடிச்சுடுது. பல்லழகி நம்ப மாட்டேன்னுட்டா. பந்தயம் கட்டி ஜெயிச்சேன். இப்ப அவ உலையைப் பார்க்கிறதே இல்லை, என்னைத்தான் பார்க்கிறா.

அவ முன்பல்லு செய்யறதைப் பார்க்கணும் அண்ணி. ஈர்க்குச்சி மாதிரி ஒரு தூரிகை. பல்லு நுனியில கண்ணாடி மாதிரி ஒரு நீலம் இருக்குமே, அதை ஒரே தொடுகையில கொண்டு வந்துடுவா. கேட்டீங்களே, அவ விசிலடிக்கிறது பாட்டே இல்லையாம், அவங்க ஊர் ரயில் நிலையத்து அறிவிப்புக்கு முன்னால வர்ற மணியாம்.

அடாப்டர் வேலை செய்யுது. கொஞ்சம் சூடாகுது. எல்லா சார்ஜரும் சூடாகத்தான் செய்யும்னு இங்க சொல்றாங்க. வயர் குட்டை, பெட்டி கட்டில் ஓரத்துல இருந்து நழுவி விழுது. அதனால தலையணைக்கு அடியில செருகி வச்சுக்கிறேன். வேலை முடிஞ்சு வந்ததும் கழட்டிப் போட்டுட்டுத் தூங்கிடுவேன்.

இங்க மழை தகரக் கூரை மேல யாரோ பயறு கொட்டுற மாதிரி பெய்யுது.

அன்புடன்,
பாப்பா

*

ஜூலை 26

பாப்பாவுக்கு,

நலம் விசாரிக்கிறதை அப்புறம் வச்சுக்கறேன். முதல்ல அந்த அடாப்டரைச் சுவர்லேருந்து பிடுங்கு.

உன் கடிதத்தை வச்சுக்கிட்டு உன் காது மிஷின்காரர்கிட்டயே போனேன். தலையணைக்கு அடியிலயான்னு ரெண்டு தரம் கேட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுறேன். அடாப்டர் பின்னை மாத்தறதுக்கு மட்டும்தான். சுவர்ல வர்ற கரண்டைக் குறைச்சுப் பெட்டிக்கு ஏத்த மாதிரி கொடுக்கிற வேலையைக் கூட வந்த பிளக்தான் செய்யணும். அது எந்த நாட்டுக் கரண்டையும் தாங்கும், அது மேலயே அச்சடிச்சிருக்கு. பேர் தெரியாத அடாப்டர்ல இருக்கிற யூஎஸ்பி ஓட்டையை நம்பக்கூடாது. பெட்டிக்கு உள்ளயும் ஒரு பேட்டரி இருக்கு. அதனால மேசை மேல, இல்லைன்னா வெறும் தரையில, திறந்த இடத்துல, நீ முழிச்சிருக்கும்போது போடணும். வேர்வையைத் துடைச்சு, காய வச்சு அப்புறம்தான் மிஷினைப் பெட்டியில வைக்கணும். பெட்டி உப்பினாலோ, தொட முடியாத சூடு வந்தாலோ அதோட விட்டுடணும்.

பிளக்கையும் நீளமான வயரையும் பார்சல்ல அனுப்பிட்டேன். பின் மாத்தறதுக்கு அங்கயே நல்ல கடையில ஒண்ணு வாங்கிக்க. என்னுடையதைத் தூக்கிப் போட்டுடு. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.

எல்லாரும் சுகம். கிடைச்சதும் ஒரு வரி எழுது.

அண்ணி

*

ஆகஸ்ட் 22

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் நலமும் அம்மா, அண்ணன் நலமும் வேண்டும்.

பார்சல் வந்துச்சு. பதில் எழுத நாளாயிடுச்சு, மன்னிச்சுக்குங்க. வேலை அதிகம். என்னை மெழுகுப் பிரிவுக்கு மாத்தியிருக்காங்க. ஜன்னலோரம் இடம். மெழுகு ரோஜா நிறத்துல இருக்கும், கத்தியைச் சூடு பண்ணி இழைச்சா சுருள் சுருளா விழும். கைக்கு நல்ல வேலை.

வெயில் குறைஞ்சு மரம் எல்லாம் மஞ்சளாகுது. எதிர் மாடியில ஒருத்தர் சிவப்புப் போர்வையைத் தினமும் காயப் போடுறார்.

அண்ணனை வீடியோ போட வேண்டாம்னு சொல்லுங்க. இங்க இணையம் சரியில்லை, படம் நின்னு நின்னு வருது. எழுத்துல அனுப்பினா போதும்.

உங்க முழங்காலுக்குச் சூடு ஒத்தடம் கொடுங்க.

அன்புடன்,
பாப்பா

*

செப்டம்பர் 4

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதத்தைப் பார்த்ததும்தான் மூச்சு வந்துச்சு. எல்லாரும் நலம். முழங்கால் அப்படியேதான், அதுக்கு என்னை விட்டா யார் இருக்கா.

பார்சல் வந்துச்சுன்னு எழுதினியே, அந்தப் பிளக்ல போட்டு மிஷின் சரியா ஏறுதா? அதை எழுதலையே. உலையை விட்டு ஏன் மாத்தினாங்க? அதுல நீதானே கெட்டிக்காரின்னு பல்லழகியே ஒத்துக்கிட்டா. அவ எப்படி இருக்கா? அவளைப் பத்தி ஒரு எழுத்தும் இல்லையே, சண்டையா? ஒரே அறையில ரெண்டு பேர் இருந்தா வர்றதுதான். நானும் அத்தையும் ஒரே சமையல்கட்டுல இத்தனை வருஷம் இருக்கோம், எங்களைப் பார்த்துமா உனக்குத் தெரியலை?

உன் அண்ணன் நீ வேண்டாம்னும் வீடியோ போட்டுப் பார்த்தாராம். நீ எடுக்கலை. இணையம்தான்னு அவருக்குச் சமாதானம் சொன்னேன்.

அன்புடன்,
அண்ணி

*

செப்டம்பர் 21

அன்புள்ள அண்ணிக்கு,

இங்க நலம். அங்கயும் நலமேன்னு நம்புறேன்.

பிளக் நல்லா இருக்கு. சண்டை எல்லாம் இல்லை. பல்லழகி ஊருக்குப் போயிருக்கா. இப்போதைக்கு அறையில நான் மட்டும்.

நேத்து மழை. ஜன்னல் கண்ணாடியில கோடு கோடா இறங்கி, கீழே சட்டத்துல சேர்ந்து, வெளிச்சத்துல நெளிஞ்சுது. ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டிருந்தேன்.

அம்மாவை மாத்திரை தவறாம போடச் சொல்லுங்க.

அன்புடன்,
பாப்பா

*

அக்டோபர் 3

என் பாப்பாவுக்கு,

நாங்க எல்லாரும் சுகம். இதை முதல்லயே சொல்லிட்டேன், வேற எதையும் நினைச்சுப் பயப்படாதே.

இன்னிக்குக் கடையில கூட்டம் இல்லை. உன் கடிதங்களை வரிசையா வச்சு மறுபடி படிச்சேன். முன்னாடி எழுதினதுல லிப்ட் பெருமூச்சு விடுது, உலை கூவுது, பல்லழகி விசிலடிக்கிறா, மழை தகரத்துல பயறு கொட்டுது. அப்புறம் எழுதினதுல மெழுகு ரோஜா நிறம், போர்வை சிவப்பு, மழை கோடு கோடா இறங்குது. அதே மழை, அதே ஊர். இந்தத் தடவை அதுக்குச் சத்தம் இல்லை.

நான் இந்த வீட்டுக்கு வந்தப்ப நீ பாவாடை கட்டின பொண்ணு. அப்ப உனக்கு மிஷின் கிடையாது. யார் எது சொன்னாலும் சிரிச்சுத் தலையாட்டுவே. புரிஞ்சு ஆட்டறியா, புரியாம ஆட்டறியான்னு கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. கண்டுபிடிச்சப்புறம் இன்னிக்கு வரைக்கும் நான் ஏமாறலை. ‘பிளக் நல்லா இருக்கு’ன்னு எழுதியிருக்கே. நான் கேட்டது பிளக்கைப் பத்தி இல்லை, மிஷினைப் பத்தி.

உனக்குக் காது கேக்குதா பாப்பா?

உன் அண்ணன்கிட்டயும் அத்தைகிட்டயும் இன்னும் ஒரு வார்த்தை சொல்லலை. எனக்கு எழுது. எப்படி வருதோ அப்படி எழுது.

அண்ணி

*

அக்டோபர் 19

அன்புள்ள அண்ணிக்கு,

கேக்கலை.

உங்க கடிதத்துல அந்த ஒரு வரியைப் படிச்சுட்டுக் குளியலறைக்குள்ள போய் உக்காந்துட்டேன். இப்ப எழுதுறேன். உடம்புக்கு எனக்கு ஒண்ணும் இல்லை, அதை முதல்ல தெரிஞ்சுக்குங்க.

ஜூலை கடைசியில நடந்துச்சு. உங்க எச்சரிக்கைக் கடிதம் அப்ப வழியில இருந்திருக்கும். அன்னிக்குக் காலை ஷிப்ட். மதியம் அறைக்கு வந்து, வேர்வையோடயே மிஷினைக் கழட்டிப் பெட்டியில வச்சு, அடாப்டர்ல மாட்டி, எப்பவும் போல என் தலையணைக்கு அடியில செருகினேன். ஜன்னல் பக்கம் காத்து வருதேன்னு பல்லழகி கட்டில்ல போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துத் தூங்கிட்டேன்.

அவ வந்து கதவைத் திறந்தப்ப அறை முழுக்கப் புகையாம். என்னைக் கூப்பிட்டிருக்கா. கத்தியிருக்கா. நான் அசையலை. செத்துட்டேன்னு நினைச்சாளாம், இதை மேற்பார்வையாளர் அம்மா பிறகு எழுதிக் காட்டினாங்க. காலைப் பிடிச்சு இழுத்து என்னைத் தரையில தள்ளினா. அப்பதான் முழிச்சேன். என் தலையணை எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. ரெண்டு கட்டிலுக்கும் நடுவுல இருக்கிற திரைச்சீலை ஒரு சாண் தள்ளித் தொங்குது. அவ அடாப்டரைச் சுவர்லேருந்து பிடுங்கிட்டு, பெட்டியைத் தூக்கி ஜன்னலுக்கு வெளிய எறியப் போனா. கையிலயே வெடிச்சுது, உள்ள இருந்த என் மிஷினோட. அந்தச் சத்தமும் எனக்குக் கேக்கலை அண்ணி. அவ வாய் திறந்திருந்துச்சு. அதைத்தான் பார்த்தேன்.

வலது கை. கட்டை விரலும் பக்கத்து ரெண்டு விரலும் மடங்காது, ஒருவேளை நாள் போனா கொஞ்சம் மடங்கலாம்னு டாக்டர் சொன்னாராம். தூரிகை பிடிக்கிற விரல்கள். ஆஸ்பத்திரியிலேருந்து நேரா ஊருக்கு அனுப்பிட்டாங்க. என்னை அனுப்பலை. உலை கூவறது கேக்காதவளை உலையில வைக்க முடியாதுன்னு மெழுகுக்கு மாத்தினாங்க. புது மிஷின் இங்க செய்ய நம்ம காது மிஷின்காரர் கொடுத்த அளவெல்லாம் வேணும், டாக்டர் சீட்டு வேணும், எனக்கு எதைக் கேக்கவும் தெம்பு இல்லை. நியாயமாவும் தோணலை.

ஏன் எழுதலைன்னு கேப்பீங்க. மிஷின் போனதுக்காக இல்லை. அதை எரிய வச்சது நீங்க வாங்கிக் கொடுத்த அடாப்டர். கிளம்பற அன்னிக்கு அதை எவ்வளவு ஆசையா என் பையில வச்சீங்க. எழுதிடலாம்னு பேனாவை எடுப்பேன். அந்த இடம் வந்ததும் கை நின்னுடும்.

இன்னும் ஒண்ணு இருக்கு. அதை யாருகிட்டயும் சொல்லலை. அவ ஊருக்குப் போற அன்னிக்கு, ஆஸ்பத்திரியிலேருந்து சாமான் எடுக்க அறைக்கு வந்தா. கையில கட்டு. வாசல்ல நின்னு என்னைப் பார்த்து ஏதோ சொன்னா. நீளமா இல்லை, ஒரே ஒரு வாக்கியம். பொதுப் பாஷையில சொன்னாளா, அவ பாஷையில சொன்னாளா, அதுகூடத் தெரியலை. உதட்டைப் படிக்கப் பார்த்தேன், முடியலை. திரும்பச் சொல்லுன்னு கேக்க எனக்கு வாய் வரலை. பழைய பழக்கம், தலையாட்டிட்டேன். நான் ஆட்டினதும் அவ முகம் மாறிப் போச்சு. திரும்பி நடந்துட்டா.

என்னைத் திட்டியிருந்தா நான் தலையாட்டினது சரி. உன் மேல தப்பில்லைன்னு சொல்லியிருந்தா? என் கையை என்ன பண்ணிட்டே பாருன்னு கேட்டிருந்தா, அதுக்கா ஆமான்னு ஆட்டினேன்? மெழுகை இழைக்கும்போது எல்லாம் அந்த உதட்டைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். ஒவ்வொரு நாளும் ஒவ்வொண்ணு சொல்லுது.

உங்க மனசு நோகக்கூடாதுன்னு நினைச்சேன். இப்ப எழுதியும் நோக வச்சுட்டேன்.

பாப்பா

*

நவம்பர் 2

என் பாப்பாவுக்கு,

அத்தை சுகம். உன் அண்ணன் சுகம். என்னைப் பத்தி இன்னிக்கு எழுதலை.

வீட்டுல சொல்லிட்டேன். உன்னைக் கேக்காம சொன்னதுக்குக் கோவிச்சுக்காதே. அத்தை எழுந்து போய், வீட்டுல இருக்கிற ஒவ்வொரு சார்ஜரையும் பிடுங்கி மேசையில போட்டாங்க. உன் அண்ணன் வேனை எடுத்துக்கிட்டு நான் அடாப்டர் வாங்கின கடைக்குப் போனார். அடிதடி ஆகிடுமோன்னு வாசல்லயே நின்னுக்கிட்டிருந்தேன். கடைக்காரர் எதிர்ல உக்காந்து நடந்ததைச் சொல்லிட்டு வந்தாராம், அவ்வளவுதான். அவர் கேட்டுக்கிட்டே கடையில தொங்கின அடாப்டரை எல்லாம் கழட்டினாராம். கழட்டினவர் நாளைக்கு மறுபடி மாட்டாம இருப்பாரான்னு தெரியாதுன்னு உன் அண்ணன் சொன்னார்.

அந்தப் பிளக்கை உன் பையிலேருந்து எடுத்தது என் கை. அதை நீ சொல்லலைன்னாலும் எனக்குத் தெரியும், சொன்னாலும் தெரியும். அது என்னோட இருக்கட்டும், நான் பார்த்துக்கறேன். ஆனா ஒண்ணு கேட்டுக்க. நீ அங்க காது கேக்காம, அந்தக் கட்டிலைப் பார்த்துக்கிட்டு தனியா கிடந்திருக்கே. நான் இங்க நிம்மதியா சாப்பிட்டுத் தூங்கியிருக்கேன். எனக்கு அப்படி ஒரு நிம்மதியை இனிமே கொடுக்காதே. எனக்கு அது வேண்டாம்.

உன் பழைய காது மிஷினை எடுத்து மிஷின்காரர்கிட்ட கொடுத்துச் சுத்தம் பண்ணி அனுப்பியிருக்கேன். சத்தம் அவ்வளவு தெளிவா இருக்காதுன்னார், ஆனா கேக்குமாம். பொத்தான் மாதிரி பேட்டரி, சார்ஜே வேண்டாம். கடையிலேருந்து போதுமான பேட்டரி வச்சிருக்கேன். புதுசுக்கு இங்க அளவு எல்லாம் தயாரா இருக்கு, நீ வந்ததும் பார்க்கலாம்.

அவ உன்னை என்ன சொன்னாளோ எனக்குத் தெரியாது. நல்லதாத்தான் இருக்கும்னு எழுதி உன்னை ஏமாத்த மாட்டேன். திட்டியும் இருக்கலாம், திட்ட அவளுக்கு உரிமை இருக்கு. ஆனா நீ தலையாட்டினது அவளுக்குப் பதில் ஆகாது. பக்கத்து நாடுதானே? வேலை முடிஞ்சு ஊருக்கு வர்றதுக்கு முன்னாடி அவளைப் போய்ப் பாரு. வரலாமான்னு அவளுக்கு எழுதிக் கேளு. வேண்டாம்னு சொன்னா, அதுவும் அவ வாயால வரட்டும். உனக்கு வரத் தாமதமானா அத்தையை நான் சமாளிக்கறேன்.

அண்ணி

*

டிசம்பர் 14

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலமா இருக்கேன். இதைப் பல்லழகி வீட்டுச் சமையல்கட்டு மேசையில உக்காந்து எழுதுறேன். உங்க மூணு பேர் நலத்தையும் வர்ற வாரம் நேர்லயே வந்து பார்த்துக்கறேன், அண்ணனுக்கு விமான நேரத்தை அனுப்பிட்டேன். இந்தக் கடிதம் எனக்கு அப்புறம்தான் வந்து சேரும், ஆனாலும் இதை எழுத்துலதான் சொல்ல முடியும்.

மேற்பார்வையாளர் அம்மாகிட்ட விலாசம் வாங்கி, வரலாமான்னு எழுதினேன். ‘வா’ன்னு ஒரே வார்த்தை பதில். கோணல் எழுத்து, இடது கையால எழுதினது. வேலை முடிஞ்சதும் ரயில் ஏறினேன். பழைய மிஷின் கரகரன்னு எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்துதான் கொடுக்குது. ஆனாலும் இறங்கின நிலையத்துல அறிவிப்புக்கு முன்னால அந்த மணி அடிச்சப்ப நடுவழியில நின்னுட்டேன். பின்னால வந்தவர் என் மேல மோதிட்டார்.

அவங்க வீடு நாலாவது மாடி. அவ அக்காவும் அக்கா வீட்டுக்காரரும் வேலைக்குப் போயிடறாங்க, பகல்ல இவ மட்டும். கதவைத் திறந்தா. கையைப் பின்னால வச்சுக்கிட்டிருந்தா. என் காதைப் பார்த்தா. கேக்குதான்னு கேட்டா. கேக்குதுன்னேன். உள்ள வான்னா.

ரொம்ப நேரம் அவங்க ஊர் குளிரைப் பத்தியே பேசிக்கிட்டிருந்தோம். அப்புறம் நானே ஆரம்பிச்சேன். நீ கிளம்பின அன்னிக்கு வாசல்ல நின்னு சொன்னியே, எனக்கு அது கேக்கலை, என்ன சொன்னேன்னு கேட்டேன். எதுன்னு அவளுக்கு ஞாபகமே வரலை. நான் இத்தனை மாசமா தினமும் கேட்டுக்கிட்டிருந்த வாக்கியம் அவளுக்கு ஞாபகம் இல்லை. யோசிச்சு, யோசிச்சு, திடீர்னு என்னை முறைச்சா.

“என் செருப்பை எடுத்துக் குடுன்னேன். உன் கட்டிலுக்கு அடியில கிடந்துச்சு, கைக்கட்டோட என்னால குனிய முடியலை. நீ தலையாட்டிட்டு மரம் மாதிரி நின்னே. கீழே டாக்ஸிக்காரன் ஹாரன் அடிக்கிறான். ஆஸ்பத்திரிச் செருப்போடயே ஊர் வந்து சேர்ந்தேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துச்சு அண்ணி, சிரிச்சா அழுதுடுவேன்னு வாயை மூடிக்கிட்டேன். அந்தச் செருப்பை அவ போனப்புறம் பார்த்திருந்தேன். விட்டுட்டுப் போயிட்டான்னு நினைச்சு ஓரமா எடுத்து வச்சேன். அவளுக்கும் உதடு துடிச்சுது. அப்புறம் ரெண்டு பேருமே சிரிச்சோம். சிரிச்சு முடிச்சப்ப அவ கை மேசை மேல இருந்துச்சு. அப்பதான் சரியாப் பார்த்தேன். தோல் இழுத்துப் பிடிச்சு, பளபளன்னு, மூணு விரலும் ஒரு பக்கமா சாஞ்சு கிடக்கு.

“என் மேல கோபம் இருக்கா?”ன்னு கேட்டேன். உங்க கடிதம் இல்லைன்னா கேட்டிருக்க மாட்டேன்.

உடனே இல்லைன்னு சொல்லலை. “காலையில சட்டைப் பொத்தான் போடும்போது இருக்கு. போட்டு முடிச்சதும் போயிடுது. சில நாள் போட்டு முடிக்க மதியமாயிடுது”ன்னா.

மன்னிச்சுடுன்னு சொன்னேன். அவ தலையாட்டினா. எதுக்கு ஆட்டினான்னு நான் கேக்கலை.

இங்க உள்ளூர்ல ஒரு சின்னப் பல் பட்டறையில இடது கையால மெழுகு இழைச்சுப் பார்க்கச் சொல்லியிருக்காங்களாம். கடைவாய்ப் பல்லு வருதாம். முன்பல்லு வரலை, வரும்னு அவ சொல்லவும் இல்லை. நேத்து சாயங்காலம் ரெண்டு பேரும் மேசையில உக்காந்து இழைச்சோம். மெழுகு உருளாம நான் பிடிச்சுக்கிட்டேன். மோசமா இருந்ததை மோசம்னு சொன்னேன். ஒண்ணு நல்லா வந்துச்சு.

இன்னிக்குக் காலையில அவ அக்கா கிளம்பிப் போனப்புறம், உள்சட்டைக்கு மேல ஒரு சட்டையைப் போட்டுக்கிட்டு, பொத்தான் எல்லாம் திறந்து தொங்க, அறையிலேருந்து வந்தா. நான் எழுந்திருச்சேன். அவ என் கையைத் தட்டி விட்டுட்டு ஜன்னல்கிட்ட போய்த் திரும்பி நின்னு போட்டுப் பார்த்தா. நான் உக்காந்துட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு வந்து என் எதிர்ல நின்னா. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கிட்டா. கழுத்துலேருந்து ஒவ்வொண்ணா போட்டு விட்டேன். கடைசிப் பொத்தானுக்கு வந்ததும் என் கையை விலக்கினா.

அதை அவளே போட்டுக்கிட்டா. ரொம்ப நேரம் ஆச்சு. போட்டு முடிக்கிற வரைக்கும் நான் அங்கேயே நின்னேன்.

அம்மாவுக்கும் அண்ணனுக்கும் என் அன்பு.

உங்கள்
பாப்பா